ஈயமா, துத்தநாகமா, டைட்டானியமா: எந்த வெள்ளையை எடுப்பது?

ஒரு கறுப்பு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் வெள்ளையில் ஒரு கோடு, துத்தநாக வெள்ளையில் ஒரு கோடு, ஒரே தூரிகையால் இழுத்துப் பாருங்கள். முதல் கோட்டுக்கு அடியில் கறுப்பு இருந்த தடமே தெரியாது. இரண்டாவதில் கறுப்பு லேசாக நீலம் பாரித்து எட்டிப் பார்க்கும். வெள்ளை என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

இதற்குக் காரணம் ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 1.48 அளவில் இருக்கிறது. அதில் குழைக்கும் பொடியின் எண் எவ்வளவுக்கு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒளி சிதறும், அடிநிறம் மறையும். சாக்பீஸ் பொடிக்கு ஏறக்குறைய 1.6-தான். அதனால்தான் உலர்ந்திருக்கும்போது பளிச்சென்று இருக்கும் அந்தப் பொடி, எண்ணெயில் விழுந்ததும் மங்கிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ஈய வெள்ளைக்கும் துத்தநாக வெள்ளைக்கும் ஏறக்குறைய 2. டைட்டானியத்தின் ரூட்டைல் வகைக்கு 2.7. மறைக்கும் திறனை மட்டும் பார்த்தால் போட்டி இங்கேயே முடிந்துவிடும். ஆனால் வெள்ளை என்பது மறைப்பதற்கு மட்டும் இல்லையே.

மூன்றிலும் மூத்தது ஈய வெள்ளை. டச்சுக்காரர்கள் அதைச் செய்த முறையைச் சொல்ல வேண்டும். மண்பானையின் அடியில் வினிகர், அதன் மேல் படாமல் சுருட்டி வைத்த ஈயத் தகடு, பானைகளைச் சுற்றிக் குதிரை லத்தி. அறையை அடைத்துவிட்டு வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். லத்தி நொதித்துச் சூடேறும், கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அதுவும் வினிகர் ஆவியும் சேர்ந்து ஈயத்தை அரித்து, மேலே வெள்ளைச் செதிலாகப் படியவைக்கும். எண்ணெயோடு சேரும்போது இந்த வெள்ளை சும்மா கலந்து நிற்பதில்லை, எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து ஈய சோப்பு என்ற சேர்மமாகிறது. அதனால் சீக்கிரம் காய்கிறது, காய்ந்த படலமும் இளக்கமாகவே இருக்கிறது. பல நூறு வருடப் பழைய எண்ணெய் ஓவியங்களில் முகத்தின் வெளிச்சமான பகுதிகள் இன்றும் உறுதியாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீர்வண்ணத்தில் கதை வேறு. எண்ணெயின் பாதுகாப்பு இல்லாததால், காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டுக் கறுத்துப்போகும்.

சரி, விஷம்? அதில் பேச்சுக்கே இடமில்லை. இதே வெள்ளையை ஐரோப்பியச் சீமாட்டிகள் முகத்தில் பூசினார்கள். கோவென்ட்ரி சீமாட்டி மரியா 1760-இல் இளம் வயதிலேயே இறந்ததற்கு இந்தப் பூச்சையே காரணமாகச் சொல்வார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் கட்டடங்களின் உட்புறப் பூச்சில் இதைத் தடைசெய்யும் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஓவியக் கலைக்கு அதில் விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கை நம்பி வீட்டில் ஈய வெள்ளைப் பொடியை யாரும் குழைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொடி காற்றில் ஏறும், மூச்சில் போகும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் டியூபாகக்கூட வேண்டாம்.

ஈயத்துக்கு மாற்றாக 1780-களில் பிரான்சின் டிஜோன் நகரில் முன்வைக்கப்பட்டதுதான் துத்தநாக வெள்ளை. 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற ஆங்கிலேய வண்ண நிறுவனம் இதை நீர்வண்ணமாக்கி, ‘சைனீஸ் ஒயிட்’ என்று விற்றது. கந்தகக் காற்று பட்டாலும் இது கறுக்காது, ஏனென்றால் துத்தநாக சல்ஃபைடும் வெள்ளைதான். மற்ற நிறங்களை அமுக்காமல் மெல்ல வெளுக்க வைக்கும். மூடுபனி, மேகத்தின் ஓரம் போன்ற இடங்களுக்கு இதற்கு ஈடே இல்லை.

ஆனால் எண்ணெயில் போட்டால் உடையும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் வரைந்த ஒரு சிறிய படத்தில் வானம் முழுக்கத் துத்தநாக வெள்ளை. அதை ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தபோது மயிரிழை விரிசல்கள் வலை மாதிரி ஓடியிருந்தன. மூலையில் ஒரு நகக்கண் அளவு வானம் அடிப்பூச்சை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. அங்கேயும் சோப்பு உருவாகிறது, ஆனால் துத்தநாக சோப்பு படலத்தை மொறுமொறுப்பாக்கி விடுகிறது. அடி அடுக்கில் இருந்தால் மேலே உள்ளதையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போரை ஒட்டிய வருடங்களில்தான் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலைக்கு வந்தது. இந்தத் தேதி ஒரு பெரிய மோசடியையே பிடித்துக்கொடுத்தது. 1914-இல் ஜெர்மன் ஓவியர் ஹைன்ரிஷ் காம்பெண்டாங்க் வரைந்ததாக 2006-இல் 28 லட்சம் யூரோவுக்கும் மேல் ஏலம் போன ஒரு படத்தில், ஆய்வின்போது டைட்டானியம் வெள்ளை அகப்பட்டது. உண்மையில் வரைந்தது வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்ற போலி ஓவியர். துத்தநாக வெள்ளை என்று நம்பி அவர் வாங்கிய டியூபில் டைட்டானியமும் கலந்திருந்ததாம், லேபிளில் அது இல்லை. 2011-இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நேர்மையாக வரைகிறவர்களுக்கு இந்த வெள்ளையில் உள்ள சிக்கல் சிறியது. ஒரு துளி கூடினாலும் பக்கத்து நிறத்தை விழுங்கிவிடும், அப்புறம் தோலின் நிறம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும். காயவும் நேரமெடுக்கும். அவ்வளவுதான்.

ஓவியத்தை விட்டு, நம் முகத்தில் பூசிக்கொள்வதற்கு என்றால் என் ஓட்டு துத்தநாகத்துக்கு. தோலில் அது உடைய வேண்டிய படலம் இல்லை. சன்ஸ்கிரீனில் புற ஊதாக் கதிரின் ‘ஏ’, ‘பி’ இரண்டு பகுதிகளையும் அது பரவலாகத் தடுக்கிறது. டைட்டானியம் ‘பி’-யில் வலுவானது, நீண்ட ‘ஏ’ கதிர்களில் பின்தங்கிவிடும். கறுத்த தோலில் சாம்பல் பூத்த மாதிரி தெரிவதும் டைட்டானியத்தில்தான் அதிகம், காரணம் அதே 2.7. இரண்டையும் க்ரீமாக வாங்குங்கள், ஸ்ப்ரே வேண்டாம். நுண்பொடி தோலில் இருக்கலாம், நுரையீரலுக்குள் போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் டைட்டானியம் டை ஆக்சைடைத் தடைசெய்தது உணவில்தான், பூச்சில் இல்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வண்ண டியூபின் பின்புறத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். பி.டபிள்யூ 1 என்றால் ஈயம், 4 துத்தநாகம், 6 டைட்டானியம். முன்பக்கம் ‘டைட்டானியம் ஒயிட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், பின்பக்கம் 6-உடன் 4-உம் இருக்கிற டியூப்கள் ஏராளம். எண்ணெயில் வரைகிறவர் அதை அங்கேயே வைத்துவிட்டு, 6 மட்டும் உள்ளதைத் தேடி எடுக்கவும்.