பழைய நாணயக்குத்தி விற்க: இக்மனா, இபேயா?

இலங்கையின் 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளிக்குத்தி ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இக்மன் என்ற உள்ளூர் விளம்பரத் தளத்தில் போட்டால், வாங்குபவர் நான் இருக்கும் கொழும்பு வெள்ளவத்தைக்கே வந்து புரட்டிப் பார்த்துக் கைமேல் காசு தருவார். ஆனால் அங்கே தெரிவது ஆட்கள் கேட்கும் விலைதான்; சிலர் கேட்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். வெளிநாட்டு விற்பனைத் தளமான இபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். அதே குத்தி உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று தெரிந்துவிடும். அதில் 92.5 சதவீதம் வெள்ளி, எடை 28 கிராமுக்கு மேல். அந்த வெள்ளியின் பெறுமதிக்குக் கீழே இறங்கவே வேண்டாம். இபே கட்டணம், தபால் செலவு எல்லாம் கழித்தால் மிஞ்சுவது குறைவு. ஆகவே விலையை இபேயில் பார்த்து, இக்மனில் விற்பதே என் தெரிவு.

ஒல்லாந்தர் காலச் செப்புக்காசு என்றால் கதை வேறு. 1815 மார்ச் 2க்கு முந்தியவை இலங்கைச் சட்டப்படி தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது.