தருமபுரியில காலேஜ் பசங்களுக்கு நடக்குற சனிக்கிழமை கத்தோலிக்கப் பூசையும் அந்த படிப்பு ரூமும் - ரெண்டு வருஷம் போனவனோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், பங்கு (அதாவது அந்த ஏரியா கோவில்) பேரை இங்க போடல. எழுதலாமான்னு கேட்டதுக்கு ஃபாதர் "எழுதிக்கோ தம்பி, பேரு மட்டும் வேணாம், கூட்டம் ஜாஸ்தியானா டீ பத்தாது"ன்னு சிரிச்சிட்டாரு. டவுன்ல எந்த காலேஜ்ல படிச்சாலும் கிறிஸ்டியன் சீனியர் யாரையாச்சும் கேளுங்க, வழி சொல்லிடுவாங்க.

நான் எலத்தகிரி பக்கம். எங்க ஊர்ல பூசைக்குப் போகலைன்னா மத்தியானத்துக்குள்ள பாட்டி காதுக்கு நியூஸ் போயிடும். பிஜி படிக்க பைசுஹள்ளிக்கு வந்தப்புறம் கேக்குறதுக்கு ஒரு ஆளு இல்ல, முதல் ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குனேன், சொகமாத்தான் இருந்துச்சு பொய் சொல்லக்கூடாது. அப்புறம் ஒரு நாள் ரூம்மேட் ஊருக்குப் போயிட்டான், மெஸ்ஸும் லீவு, தனியா உக்காந்துக்கிட்டு இருந்தப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த வாரம்தான் ஒரு சீனியர் அண்ணன் பைக்ல ஏத்திக்கிட்டுப் போனாரு.

கவர்மென்ட் காலேஜ்களுக்கு உள்ள சேப்பல்லாம் இல்ல, அதனால பங்குக் கோவில்லயே சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டூடன்ட்ஸுக்குன்னு தனியா ஒரு பூசை. சனிக்கிழமை சாயங்காலம் பாத்தாலே ஞாயித்துக்கிழமை கட்டாயம் பாக்க வேண்டிய கடன் பூசை கணக்குல வந்துடும், அது திருச்சபை சட்டத்துலயே இருக்கு, எங்க பாட்டிய நம்ப வெக்கத்தான் ஒரு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை டிஎன்பிஎஸ்சி கோச்சிங் போறவங்க, காலைல பஸ்ஸேறி ஊருக்குப் போயிட்டு வர்றவங்க எல்லாருக்கும் இந்த டைமிங் பெரிய உபகாரம். முன்னாடி ஆறு மணிக்கு வெச்சிருந்தாங்களாம், லேடீஸ் ஹாஸ்டல் கேட் மூடுறதுக்குள்ள பொண்ணுங்க பாதி பூசைல எழுந்து ஓடிக்கிட்டு இருந்ததால சிஸ்டர் சண்டை போட்டு அஞ்சுக்கு மாத்துனாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, நன்மை (பூசைல குடுக்குற அப்பம்) வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடக்கூடாதுல்ல, மெஸ்ல சனிக்கிழமை நாலே முக்காலுக்குத்தான் பஜ்ஜி போடுவான். ரெண்டு வருஷமா எனக்கு இது சோதனைதான்.

மெடிக்கல் காலேஜ், செட்டிக்கரை இன்ஜினியரிங், ஆர்ட்ஸ் காலேஜ், எங்க பைசுஹள்ளி பிஜி சென்டர்னு எல்லாம் சேந்து அம்பது பேரு வரும், பரிட்சைக்கு முந்தின வாரம் நூறு (ஏன்னு உங்களுக்கே தெரியும்). தருமபுரி மறைமாவட்டத்துல கிருஷ்ணகிரியும் சேத்தி, அதனால ஓசூர் பக்கத்துப் பசங்களும் இருக்காங்க, மாசத்துக்கு ஒரு தடவை காணிக்கைப் பாட்டு தெலுங்குல போகும், எனக்கு அர்த்தம் தெரியாது ஆனா அதுதான் நல்லா இருக்கும். மத்தபடி பாட்டு சுமார். கீபோர்டு வாசிக்கிற தம்பி எல்லாத்துக்கும் ஒரே ரிதம் போடுறான், ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துலயுமா!

என்னைய அங்க புடிச்சு உக்கார வெச்சது மன்றாட்டு. பீடத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா, மூடியில ஓட்டை போட்டு வெச்சிருப்பாங்க, பூசைக்கு முன்னாடி யாரு வேணா பேரு போடாம துண்டுச் சீட்டுல எழுதிப் போடலாம், ஃபாதர் ஒரு பத்தை எடுத்து அப்படியே படிப்பாரு, திருத்தமாட்டாரு. நான் போன முதல் நாள் ரெக்கார்டு நோட்டுல கிழிச்ச ஒரு சீட்டு, "ரெண்டு அரியர் கிளியர் ஆகணும், எங்க அப்பா குடிக்கிறத நிறுத்தணும், முதல்ல ரெண்டாவது"ன்னு இருந்துச்சு. எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சொன்னோம். யாரு எழுதுனதுன்னு யாரும் திரும்பிப் பாக்கல.

பூசை முடிஞ்சு டீ, சுண்டல், அப்புறம் மாசத்துல ரெண்டு வாரம் கலந்துரையாடல். ஃபாதர் காலேஜ் படிக்கிறப்ப ஐகஃப்ல இருந்தவரு, 1924ல சென்னை மாகாணத்துல ஆரம்பிச்ச கத்தோலிக்க மாணவர் இயக்கம் அது, இன்னைக்கும் இருக்கு. பார், ஆய்ந்தறி, செயல்படுன்னு பெல்ஜியத்துல கார்டின்னு ஒரு சாமியார் தொழிலாளிப் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்த முறையிலதான் எதையும் பேச வெப்பாரு. இதை வெச்சு சாயங்கால டவுன் பஸ் கேட்டு திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தோம். பார்த்தாச்சு, ஆய்ந்தாச்சு, செயல்பட்டாச்சு, பஸ் இன்னும் வரல.

ஒரு தடவை வெளியில இருந்து வந்த ஒரு ஃபாதர் கருக்கலைப்பு பாவம்னு இருபது நிமிஷம் நிறுத்தாம பேசுனாரு. அவரு சொன்னது தப்புன்னு சொல்லல, ஆனா எங்க உக்காந்து பேசுறோம்னு ஒண்ணு இருக்குல்ல, இது தருமபுரி. 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டத்தை, அதான் பொண்ணுக் குழந்தைய கொல்லாம அரசுத் தொட்டில்ல விட்டுடுங்கன்னு சொன்ன திட்டத்தை, 2001ல இங்கயும் கொண்டு வர வேண்டியிருந்த ஊரு. மெடிக்கல் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு எழுந்து, "ஃபாதர், மூணாவதும் பொண்ணுன்னா மாமியார் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாங்க. கருவுல ஆணா பொண்ணான்னு சொல்லக்கூடாதுன்னு 1994லயே சட்டம் போட்டாச்சு, ஆனாலும் பாத்துட்டு வந்துடுறாங்க. அந்த அம்மாகிட்ட போய் பாவம்னு மட்டும் சொல்லிட்டு நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"ன்னு கேட்டுச்சு. ஃபேன் சத்தம் மட்டும்தான். அவரு கையில இருந்த பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு, சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, "நீ சொல்லும்மா, நான் கேக்குறேன்"ன்னாரு. அன்னைக்குப் பேசுன மாதிரி எங்க கிளாஸ்ல ஒரு நாளும் பேசுனதில்ல, அந்த ஒரு மணி நேரத்துக்கே ஒரு ஸ்டார் தரலாம்.

பூசைல நம்பிக்கை இல்லாதவங்களுக்கும் உபயோகம் பின்னாடி இருக்குற படிப்பு ரூம். எல்லா நாளும் நைட்டு எட்டரை வரைக்கும் திறந்திருக்கும், பைசா இல்ல. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் சமச்சீர் புக் மொத்த செட்டு, ரெண்டு இன்வெர்ட்டர் லைட்டு, கரன்ட் போனாலும் கவலை இல்ல. வர்றவங்கள்ல பாதிக்கு மேல இந்து, முஸ்லிம் பசங்க, ஒருத்தர்கிட்டயும் பூசைக்கு வான்னு கூப்பிட்டு நான் பாத்ததில்ல. செவுத்துல ஒரு வெள்ளைக்காரத் தாத்தா படம் இருக்கும், யாரோ பழைய பங்குசாமின்னு நெனச்சேன், நியூமனாம். ஆங்கிலிக்கன் சபையில இருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவரு, 2019ல புனிதர் ஆனவரு. அமெரிக்காவுல 1893ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி பசங்க அவரு பேர்ல கிளப் ஆரம்பிச்சு, இப்ப அங்க காலேஜ் பக்கத்துல இருக்குற நிறைய கத்தோலிக்க மையங்களுக்கு நியூமன் சென்டர்னுதான் பேரு. அங்கல்லாம் தனிக் கட்டடம், ஹாஸ்டல் எல்லாம் இருக்குமாம். நமக்கு ஒரு தகர ஷெட்டு, மே மாசம் உள்ள உக்காந்தா இட்லி வேகுற மாதிரி வேகலாம்.

குறைன்னு பாத்தா, பாவசங்கீர்த்தனம் (ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குறது) வராண்டாவுல ரெண்டு பிளாஸ்டிக் சேர் போட்டுக் கேக்குறாங்க, பக்கத்துலயே செருப்பு ஸ்டாண்டு, லேஸ் கட்டுறவன் காதுல எல்லாம் விழும். நான் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு, ஒரு திரையாச்சும் போடுங்கப்பா. வருஷாந்திர தியானத்தை கரெக்டா இன்டர்னல் வாரத்துலதான் வெக்கிறாங்க. வாட்ஸ்அப் குரூப்ல காலைல அஞ்சு மணிக்கு வசனம் அனுப்புற அந்த அண்ணனை யாராச்சும் கொஞ்சம் பாத்துக்கோங்க.

நாலு ஸ்டார். அந்தத் திரையைப் போட்டா அஞ்சு. படிப்பு முடிஞ்சு இப்ப கிருஷ்ணகிரில வேலை, போன மாசம் ஒரு சனிக்கிழமை சும்மா பாக்கலாம்னு பஸ் புடிச்சுப் போனேன். ஹார்லிக்ஸ் டப்பா துருப்புடிச்சுப் போச்சுன்னு பூஸ்ட் டப்பா வெச்சிருக்காங்க. நானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன், அன்னைக்கு எடுத்த பத்துல என்னது வரல.