புடைப்பா, பிரிண்ட்டா, லேபிளா: கண்ணாடி பாட்டிலில் பெயர் போட எது நல்லது?

கண்ணாடி பாட்டிலை அலங்கரித்துப் பெயர் போடப் பெரும்பாலும் மூன்று வழிகள். பாட்டிலை வார்க்கும் அச்சான மோல்டிலேயே எழுத்தை வெட்டிப் புடைப்பாக எடுக்கலாம், செராமிக் மையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து சுடலாம், லேபிள் ஒட்டலாம். எது அழகு என்று பார்ப்பதற்கு முன், அந்த பாட்டில் கழுவி நிரப்பத் திரும்பி வருமா என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

புடைப்புக்கு நல்ல உதாரணம் கோகோ கோலா. இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரிகிற பாட்டில் வேண்டும் என்று 1915இல் அந்த நிறுவனம் கேட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருந்த ரூட் கிளாஸ் நிறுவனத்தில் ஏர்ல் டீன் கோக்கோ காயின் வரிகளைப் பார்த்து அதை வரைந்தார். புடைப்பு மங்காது, உரியாது. ஆனால் காசெல்லாம் மோல்டில் போய்விடும். ஒரு மெஷினில் பல மோல்டுகள் சேர்ந்து ஓடும், அத்தனையிலும் எழுத்து வெட்ட வேண்டும். சிறிய ஆர்டருக்கு இது கட்டுப்படியாகாது. குழம்பாக இருக்கும் கண்ணாடி கூர்மையான மூலைக்குள் முழுதாகப் போகாது என்பதால் மெல்லிய எழுத்து மழுங்கியும் விடும். தூரத்திலிருந்து படிக்கவும் சிரமம். 1957இல் கோகோ கோலாவே புடைப்பு எழுத்தை விட்டு வெள்ளை பிரிண்ட்டுக்கு மாறியது.

செராமிக் மை என்பது நிறம் சேர்த்த கண்ணாடித் தூள். அதை எண்ணெயிலோ மெழுகிலோ குழைத்து, நுண்ணிய வலை வழியாக பாட்டிலில் பதிக்கிறார்கள். அப்புறம் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீளமான சூளைக்குள் மெதுவாக நகர்த்துகிறார்கள். மெழுகு எரிந்துபோகும், தூள் உருகி பாட்டிலோடு ஒன்றாகிவிடும். இப்படிப் பதித்த எழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய படி தட்டும், சுரண்டினால் பெயராது. காஸ்டிக் சோடா கலந்த சுடுநீரில் திரும்பத் திரும்பக் கழுவும் பாட்டிலுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பழைய மைகளில் ஈயமும் காட்மியமும் கலந்திருந்தன. அதனால் இவை இல்லாத மை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுமார் 200 டிகிரியிலேயே இறுகும் ஆர்கானிக் மையும் உண்டு; இதில் கண்ணாடித் தூளுக்குப் பதில் பிசின் இருக்கும். நிறம் பளிச்சென்று இருக்கும், சென்ட் பாட்டிலுக்குச் சரி. காஸ்டிக் கழுவலுக்கு அதை நம்ப மாட்டேன்.

லேபிளை மட்டமாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பல பீர் ஆலைகள் ஒரே வடிவ பாட்டிலைப் பகிர்ந்துகொள்கின்றன. கழுவும்போது காகித லேபிள் கழன்றுவிடும், அடுத்த ஆலை தன் லேபிளை ஒட்டிக்கொள்ளும். பெயரைப் புடைப்பாகப் போட்டால் அந்த பாட்டில் ஒருவருக்கே சொந்தம், மற்றவர்கள் அதைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எண்ணெயோ தேனோ சிறிய அளவில் விற்பவருக்கும் நான் லேபிளையே சொல்வேன். விலை, எடை, தேதி மாறினால் லேபிளை மாற்றினால் போதும். ஒன்று மட்டும்: எண்ணெய் பாட்டிலுக்குக் காகிதம் வேண்டாம். மூடியில் கசியும் ஒரு சொட்டு காகிதத்தில் ஊறித் திட்டாகத் தெரியும். பிளாஸ்டிக் ஃபிலிம் லேபிள் தாங்கும்.

வடிவத்தை முடிவு செய்யும்போதே இதையெல்லாம் யோசித்துவிட வேண்டும். நேரான உருளையில் லேபிள் சுருங்காமல் உட்காரும். பானை போல மேலும் கீழும் வளைந்த உடம்பில் அதன் ஓரம் சுருக்கம் விழுந்து எழும்பும். ஸ்கிரீன் பிரிண்ட்டுக்கும் அங்கே திண்டாட்டம்தான். லேபிள் ஒட்டும் இடத்தைக் கொஞ்சம் உள்வாங்கினாற்போல் வைத்தால், பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும்போது லேபிள் தப்பிக்கும்.

வட்ட பாட்டிலில் புடைப்போடு பிரிண்ட்டும் வேண்டுமென்றால், அடிப்பக்கம் ஒரு சிறு பள்ளம் வைக்கச் சொல்லுங்கள். பிரிண்ட் மெஷின் அதைப் பிடித்துத்தான் பாட்டிலைச் சரியான பக்கம் திருப்பி நிறுத்தும். அதை விட்டுவிட்டு மோல்டு வெட்டினால், லோகோ ஒரு பாட்டிலில் புடைப்புக்கு நேராகவும் அடுத்ததில் மோல்டின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டின் மேலும் போய் விழும்.