ரைசோபியம் பாக்கெட்டு: பட்டாணிக்கு நாலு ஸ்டார், பீன்ஸுக்கு ரெண்டுதான்

கொடைக்கானல் மலையில பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் பட்டாணி, பீன்ஸ் போடுறவங்க இந்த ரைசோபியம் (பயறுச் செடி வேர்ல முடிச்சு வச்சு காத்துல இருக்கிற நைட்ரஜனப் பிடிச்சுக் குடுக்கிற பாக்டீரியா) வாங்கலாமா வேணாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். 200 கிராம் பாக்கெட்டு, உள்ள கறுப்புப் பொடி, லேசா ஈரமா இருக்கும். டிஏபி உர மூட்டை 1350 ரூவா விக்கிற காலத்துல இதோட விலையெல்லாம் ஒரு செலவே இல்ல. ஆனா விலை கம்மியா இருக்குன்னு எல்லா விதையிலயும் கலந்து விட்டு அப்புறம் "டூப்ளிகேட்டுப்பா"ன்னு திட்டுறாங்க பாருங்க, அதுதான் தப்பு.

முதல்ல பாக்கெட்டு மேல எந்தப் பயிருக்குன்னு போட்டிருக்குன்னு பாருங்க. உளுந்துக்கு, கடலைக்கு வர்ற பாக்கெட்டு பட்டாணிக்கு ஆகாது, பயிருக்குப் பயிர் பாக்டீரியா வேற. கீழ வத்தலக்குண்டுலருந்து யாரோ வாங்கிட்டு வந்தாங்கன்னு உளுந்து பாக்கெட்ட பட்டாணியில போட்டா சும்மா கரிப்பொடி பூசின மாதிரிதான். எக்ஸ்பைரி தேதியும் முக்கியம், ஏன்னா உள்ள இருக்கிறது உயிரு. வெயில் விழுற கண்ணாடி ஷோகேஸ்ல அடுக்கி வச்சிருந்தா தேதி இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

போடுற முறை சிம்பிள். ஆறின அரிசிக் கஞ்சியில பொடியக் கலந்து விதையப் புரட்டி நிழல்ல அரை மணி நேரம் காயவச்சு அன்னைக்கே ஊனிடணும், மறுநாளுக்கு மேல வைக்கக் கூடாது. மருந்து போட்ட விதையா இருந்தா (கடையில வாங்குறது ரோஸ் கலர்ல வருமே) அதோட சேர்த்துக் கலக்காதீங்க, பூஞ்சாண மருந்து பாக்டீரியாவையும் சேர்த்து முடிச்சிரும்.

இப்போ ரிசல்ட்டு. பட்டாணி முளைச்சு நாலு வாரம் போல ஆனதும் ஒரு செடிய மம்பட்டியால மண்ணோட பெயர்த்து எடுத்து (இழுத்தா முடிச்செல்லாம் மண்ணுலயே அறுந்து நின்னுரும்) தண்ணியில அலசிப் பாத்தேன். வேர் பூரா கடுகு சைஸ்ல முடிச்சு. ஒண்ண நகத்தால கீறினா உள்ள ரோஸா இருந்துச்சு, விரல்லயே அந்தச் சிவப்பு ஒட்டுது. அப்படி இருந்தா காத்துல இருக்கிற நைட்ரஜன இழுத்து செடிக்குக் குடுத்துட்டு இருக்குன்னு அர்த்தம், வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா சும்மா இருக்கு. பொடி கலக்காத ஓரத்துப் பாத்தியிலயும் முடிச்சு இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது, ஆனா சின்னதா, அங்கொண்ணு இங்கொண்ணு.

பீன்ஸ் கதை வேற. பீன்ஸ் செடி இயல்பாவே முடிச்சு கம்மியா வைக்கிற ஜாதி, பயறு வகைன்னு பேருதான். அதனாலதான் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலயே மலைப்பகுதி பீன்ஸுக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் போக 90 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 125 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்)னு குடுத்திருக்காங்க. ஏக்கருக்குக் கணக்குப் போட்டா 36, 50 வரும். பாக்கெட்ட நம்பி யூரியாவ மொத்தமா நிறுத்தினா பீன்ஸ் மஞ்சளாத்தான் நிக்கும், அது பாக்கெட்டோட குத்தம் இல்ல.

"குப்பை போதும், மூட்டை உரமே வேணாம்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. நல்ல தொழு உரத்துல தழைச்சத்து அரை சதவீதம், ஒரு டன்னுக்கு 5 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில 20 கிலோவுக்கு மேல இருக்கு. அப்போ ஒரு மூட்டைக்கு ஈடா நாலு டன்னு குப்பை, அதையும் சரிவுல தலைச்சுமையா ஏத்தணும், கூலிய நீங்களே நினைச்சுக்கங்க. அதுக்காக குப்பை வேணாம்னு சொல்லல. ஐப்பசி மழையில யூரியா சரிவோட அடிச்சுட்டுப் போயிரும், குப்பை இருக்கிற மண்ணு ஈரத்தையும் சத்தையும் பிடிச்சு வைக்கும். நான் ரெண்டும் போடுறேன், பட்டாணிக்கு யூரியா ரொம்பக் கம்மி, ஏன்னா தழைச்சத்து வெளியில இருந்து தாராளமா கிடைச்சா செடி முடிச்சு வைக்கிறதையே விட்டுரும்.

ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி மண்ண டெஸ்ட் பண்ணுங்க. நம்ம மலை மண்ணு அமில மண்ணு, மழை சுண்ணாம்புச் சத்த அரிச்சு அரிச்சு அப்படி ஆகியிருக்கு. இதுல ரைசோபியமும் தங்காது, போடுற மணிச்சத்தயும் இரும்பும் அலுமினியமும் கட்டி வச்சிரும், செடிக்குப் போகாது. அந்த அமிலத்தக் குறைக்க டோலமைட்டோ சுண்ணாம்போ விதைக்கிறதுக்குச் சில வாரம் முன்னாடியே போட்டுக் கொத்தி விடணும். மணிச்சத்துக்கு பட்டாணியில டிஏபிய விட சூப்பர் பாஸ்பேட்டுதான் எனக்குப் பிடிக்கும், மணிச்சத்து 16 சதவீதம்தான்னாலும் கூடவே கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் வருது. ராக் பாஸ்பேட்டும் (பாறைய அரைச்ச மணிச்சத்து உரம்) அமில மண்ணுல நல்லாவே கரையும், மெதுவா.

கடை பத்தி ஒரு வார்த்தை. பேரு வேணாம், யூரியா கேட்டா "கூட இந்த டானிக் பாட்டில் ஒண்ணு எடுத்துக்கங்கண்ணே, அப்பதான் பில்லு போட முடியும்"னு ஒருத்தர் சொன்னாரு. யூரியா 266 ரூவா 50 காசு, பாட்டில் அதவிட ஜாஸ்தி! நான் வாங்கல, வேற கடை பாத்துக்கிட்டேன்.

பாக்கெட்ட விதைக்கிற வாரத்துல போய்க் கேட்டா "இப்போ ஸ்டாக் இல்ல"ன்னுதான் பதில் வரும், அதனால தோட்டக்கலை ஆபீஸ்ல முன்னாடியே சொல்லி வைங்க, பட்டாணிக்குன்னு பயிர் பேரச் சொல்லிக் கேளுங்க.