லால்வின் இசி-1118 ஈஸ்ட்: வீட்டுப் பிளம் ஒயினுக்கு ஏற்றதா?

வீட்டில் செய்யும் பழ ஒயினில் ஆல்கஹால் அளவைக் கூட்ட என்ன வழி என்று இங்கிலாந்தில் ஒயின் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால், பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது லால்வின் இசி-1118 என்னும் 5 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தைத்தான். கனடாவின் லாலமான் நிறுவனம் தயாரிக்கும் இந்த ஈஸ்ட், பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வகை. 18 விழுக்காடு ஆல்கஹால் வரை தாங்கும் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. விக்டோரியா பிளம் பழுத்துக் குவியும் ஆகஸ்ட் இறுதியில் நான் இதைப் பயன்படுத்தி வருகிறேன். நம்பி வாங்கக்கூடிய ஈஸ்ட் என்பதில் ஐயமில்லை. ஆனால், வீரியத்துக்காக மட்டுமே இதை வாங்குவது நல்ல பிளம் பழத்துக்கு இழைக்கும் அநியாயம் என்பேன்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆல்கஹால் சர்க்கரையிலிருந்து வருகிறது. எந்த அளவு வரை ஈஸ்ட் உயிரோடு வேலை செய்யும் என்பதைத்தான் பொட்டலத்தில் உள்ள எண் சொல்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும், 4.5 லிட்டர் குடுவை என்றால் அதற்கு 77 கிராம் வேண்டும். சாற்றின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டு அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.090 காட்டி, இறுதியில் 0.990-க்கு இறங்கினால் 13 விழுக்காடு வந்துவிட்டது என்று கணக்கிடலாம். அந்த நிலையில் சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிட்டதால், எவ்வளவு வீரியமான ஈஸ்ட்டை அதன்மேல் கொட்டினாலும் ஒரு புள்ளிகூட ஏறாது.

பயன்படுத்துவது எளிது. 40 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள 50 மில்லி நீரின் மேல் தூவினால், வெளிர்பழுப்புக் குருணைகள் சற்று நேரம் மிதந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கரைந்து, கால் மணி நேரத்தில் ரொட்டி மாவின் வாசனையோடு பாலேடு போலப் படர்ந்துவிடும். அதைச் சாற்றில் சேர்க்கும்போது இரண்டின் வெப்பநிலைக்கும் 10 பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. 10 முதல் 30 பாகை வரை வேலை செய்வதால், குளிர்ந்த கொட்டகையில் வைத்த குடுவையும் நின்றுவிடுவதில்லை, நுரையும் குறைவு. ஈஸ்ட்டுக்கான சத்து இதற்குக் குறைவாகவே தேவைப்படும் என்றாலும், பிளம் சாற்றில் பாதிக்கு மேல் நாம் ஊற்றிய தண்ணீர்தான் என்பதால், ஈஸ்ட் சத்துப்பொடியைத் தவிர்க்க வேண்டாம்.

14 விழுக்காட்டைத் தாண்ட விரும்புபவர்கள் சர்க்கரை முழுவதையும் முதலிலேயே கொட்டிவிடக் கூடாது. ஹைட்ரோமீட்டர் காட்டும் அந்த ஒப்படர்த்தி 1.120-ஐ நெருங்கும் சாற்றில் சர்க்கரையின் அழுத்தமே ஈஸ்ட்டை ஒடுக்கிவிடும். 1.085 அளவில் தொடங்கி, 1.010-க்கு இறங்கியதும் நூறு கிராம் அளவில் சர்க்கரையைச் சிறிது ஒயினில் கரைத்து ஊற்றி, அது மீண்டும் இறங்கிய பிறகே அடுத்த பங்கைச் சேர்ப்பதுதான் சரியான முறை. காய்ந்த சர்க்கரையை நேரடியாகப் போட்டால், கரைந்திருக்கும் வாயு ஒரே மூச்சில் கிளம்பிக் குடுவையின் வாய் வழியாகப் பொங்கி வழியும்.

இனி, குடிப்பவருக்கு உண்மையில் பொருட்படும் சுவைக்கு வருகிறேன். ஒரே பழத்தில் ஒரு குடுவையை இசி-1118 கொண்டு 16 விழுக்காடு வரை ஏற்றியும், மற்றொன்றை அதே நிறுவனத்தின் 71பி ஈஸ்ட்டில் 12 விழுக்காட்டோடு நிறுத்தியும் ஒப்பிட்டேன். முதலாவது தெளிவாகவும் சுத்தமாகவும் இருந்தது. ஆனால் தொண்டையில் எரிச்சல்தான் முதலில் தெரிந்தது, பிளம் எங்கோ பின்னால் தங்கிவிட்டது. இரண்டாவதில் தோலின் துவர்ப்பும் கொட்டையை ஒட்டிய சதையின் மணமும் மூக்கிலேயே பிடிபட்டன. இதற்குக் காரணம் இருக்கிறது. பிளம் பழத்தின் புளிப்பு பெரும்பாலும் மாலிக் அமிலத்தால் வருவது. 71பி அதில் ஒரு பகுதியை, சாதாரணமாக 20 முதல் 40 விழுக்காடு வரை, தானே உட்கொண்டு புளிப்பைத் தணிக்கிறது. பழமணம் தரும் எஸ்டர்களையும் அது மிகுதியாக உண்டாக்குகிறது. இசி-1118 தன் பங்குக்கு மணம் எதையும் பெரிதாகச் சேர்க்காத ஈஸ்ட். 71பி-யின் தாங்குதிறன் 14 விழுக்காடுதான். பிளம் ஒயினுக்கு அதுவே தாராளம்.

வீரியத்தைக் கூட்டினால் குடிக்கும் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். 750 மில்லி புட்டி 12 விழுக்காட்டில் 9 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்); 16 விழுக்காட்டில் 12 யூனிட். பிரிட்டனின் மருத்துவ அறிவுரை வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பதால், அந்த வித்தியாசம் சிறியதல்ல. காய்ச்சி வடித்து வீரியம் ஏற்றும் யோசனை யாருக்காவது வந்தால், உரிமம் இல்லாமல் வீட்டில் அதைச் செய்வது இங்கே சட்டப்படி குற்றம்.

இசி-1118 பயன்படுத்திய ஒயினை இனிப்பாக்கிப் புட்டியில் அடைப்பவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். 13 விழுக்காட்டில் ஓய்ந்ததுபோல் தோன்றும் ஈஸ்ட்டுக்கு இன்னும் 5 விழுக்காடு இடம் மிச்சம் இருப்பதால், புதிதாகச் சேர்த்த சர்க்கரையை அது புட்டிக்குள்ளேயே நொதிக்க வைத்துக் கண்ணாடியை வெடிக்கச் செய்யும். மண்டியை விட்டு இறுத்து, ஒயின் நன்றாகத் தெளிந்த பிறகு, கிருமிகளை அடக்கும் கேம்டன் மாத்திரையும் ஈஸ்ட் மீண்டும் பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட்டும் சேர்த்து, சில நாட்கள் பொறுத்த பின்னரே இனிப்பாக்க வேண்டும்.

நொதித்தல் பாதியில் நின்றுபோன குடுவைக்கும், புட்டியிலேயே நுரைக்க வைக்கும் ஆப்பிள், எல்டர்ஃபிளவர் (எல்டர் மரத்தின் பூ) ஒயின்களுக்கும் இசி-1118-ஐ நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நொதித்தல் நின்ற குடுவையில் நேரடியாகக் கொட்டாமல், தனிக் கிண்ணத்தில் ஈஸ்ட்டை எழுப்பி, அந்த ஒயினையே சிறிது சிறிதாக ஊற்றிப் பழக்கிய பிறகு சேர்த்தால் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.