ஹாவர்டா, மெஹாரியா?

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காக எழுந்த ஹாவர்டு, மெஹாரி என்ற இரண்டு கல்வி நிறுவனங்களில் பல்மருத்துவம் படிக்க எது நல்லது என்று பார்ப்போம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் பல்மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ராபர்ட் டானர் ஃப்ரீமன், 1869இல் படித்து முடித்தது ஹார்வர்டில். நாம் பேசப்போவது ஹாவர்டு. ஒரு 'ர்'தான் வேறுபாடு, ஆனால் இரண்டும் வேறு உலகங்கள். ஹார்வர்டு கறுப்பினத்தவரில் ஓரிருவருக்குக் கதவைத் திறந்தது. ஹாவர்டும் மெஹாரியும் அவர்களுக்காகவே எழுந்தவை.

வாஷிங்டனில் ஹாவர்டின் பல்மருத்துவக் கல்லூரி 1881இல் தொடங்கியது. நாஷ்வில்லில் மெஹாரியின் பல்மருத்துவப் பள்ளி 1886இல் வந்தது. இந்த ஐந்தாண்டு மூப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். ஹாவர்டுக்கு 1879 முதலே அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்கியது. மெஹாரி மெதடிஸ்ட் திருச்சபையின் கையைப் பிடித்து நடந்த பிள்ளை. அதன் பெயருக்குப் பின்னால் ஓர் உப்பு வண்டி நிற்கிறது. 1820களில், கென்டக்கியில், சாமுவேல் மெஹாரி என்ற பதினாறு வயதுப் பையனின் வண்டி சேற்றில் சிக்கியது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டிருந்த ஒரு கறுப்பினக் குடும்பம் அவனுக்கு இரவு தங்க இடம் கொடுத்து, காலையில் வண்டியைத் தூக்கிவிட்டது. கொடுக்கக் கையில் காசில்லை. பிறகு உங்கள் இனத்துக்கு ஏதாவது செய்வேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பிற்காலத்தில் அவரும் சகோதரர்கள் நால்வரும் ரொக்கமும் நிலமுமாகக் கொடுத்தது சுமார் 30,000 டாலர். மெஹாரி இன்றும் சொல்லும் கதை இது.

1910இல், அமெரிக்க மருத்துவப் பள்ளிகளின் தரத்தை ஆராய்ந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை, கறுப்பினத்தவருக்கான ஏழு மருத்துவப் பள்ளிகளில் இந்த இரண்டு மட்டும் போதும் என்றது. மற்ற ஐந்தும் மூடப்பட்டன. தாய்க் கல்லூரிகளான இந்த இரு மருத்துவப் பள்ளிகளும் பிழைத்ததால் பல்மருத்துவப் பள்ளிகளும் பிழைத்தன.

பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் நான்காண்டுப் பல்மருத்துவப் பட்டமான டி.டி.எஸ். நம் ஊர் பி.டி.எஸ். போலப் பள்ளி முடித்ததும் நேராகச் சேர முடியாது. முதலில் கல்லூரிப் படிப்பு வேண்டும். பட்டத்துக்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. பல்வரிசைச் சீரமைப்பு, குழந்தைப் பல்மருத்துவம், வாய்-தாடை அறுவை சிகிச்சை என ஹாவர்டில் சிறப்புப் பயிற்சிகள் விரிவானவை. மெஹாரியிலும் அறுவை சிகிச்சைப் பயிற்சி உண்டு. ஆனால் அதன் மனம் பொதுச் சிகிச்சையிலும் வசதியற்ற ஊர்களுக்கு மருத்துவர்களை அனுப்புவதிலும்தான்.

தலைமையிலும் இரண்டும் சளைத்தவை அல்ல. மெஹாரி 1947இல், பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கிளிஃப்டன் டம்மெட்டை 28 வயதில் டீனாக்கியது. ஹாவர்டு 1975இல் ஜீன் சின்க்ஃபோர்டை அமர்த்தியது. அமெரிக்கப் பல்மருத்துவப் பள்ளி ஒன்றுக்கு டீனான முதல் பெண் அவர்தான். அதே ஹாவர்டில் 1958இல் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறியவர்.

பல்வரிசையைச் சீராக்கக் கிளிப் மாட்டும் வேலைதான் இலக்கு என்றால் ஹாவர்டு. சிற்றூரில் தனியாக ஒரு கிளினிக் திறந்து, பல் பிடுங்குவது முதல் பல்செட் கட்டுவது வரை எல்லாம் பார்க்க நினைப்பவருக்கு நான் மெஹாரியைத்தான் சொல்வேன். அந்த உப்பு வண்டிக் கதை எனக்குப் பிடித்திருப்பதும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.