மாட்டு, கழற்று, மறுபடி மாட்டு: வசந்தகால மலைப்பாதையில் என் முள்சங்கிலி

பனியில் வழுக்காமல் நடக்கப் பூட்ஸில் மாட்டிக்கொள்வது முள்சங்கிலி. சென்ற வாரம் என்னுடையதன் ரப்பர் வார் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்துக்குச் சற்று மேலே புதிதாகத் துளை போட்டு, ஒரு எஃகு வளையத்தைக் கோத்து ஒப்பேற்றியிருக்கிறேன். சரியாக இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "வசந்தத்தில் மலையேறப் போகிறேன், இதை வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். பல வசந்தங்கள் இதைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தவன் என்பதால் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. துளை போட்டபோது வந்த கொப்புளம் விரலில் இன்னும் ஆறவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.

பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வார், அடியில் சங்கிலி, அதில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எஃகு முட்கள். இதெல்லாம் தெரிந்த சங்கதி. பனி மூடிய செங்குத்தான சரிவில் கிராம்பான், அதாவது பூட்ஸில் இறுகப் பூட்டும் நீண்ட முட்கள் கொண்ட சட்டம், செய்யும் வேலையை இதனிடம் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்ததே. சாதாரண நடைபாதையில், சாதாரணச் சரிவில் இது எப்படி என்பதுதான் பேச்சு.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை வேளையில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காற்றின் வெப்பம் சுழியத்துக்கு மேலே இருந்தால்கூட மேலோடு இறுகிப் போகும். விடிந்ததும் அந்த ஓட்டின் மேல் கால் வைத்தால் முட்கள் கறுக்கென்று பதியும். கனத்த முதுகுப்பையோடும் கால் ஒரு விரற்கடை நழுவாது. குளிர்காலம் முழுவதும் தொடைவரை புதைந்து கடக்க வேண்டியிருந்த இடத்தை, அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கல்தளத்தில் நடப்பது போலக் கடந்துவிடலாம். பக்கத்தில் ஊன்றுகோலை மட்டும் நம்பி வருகிறவர்கள் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கும்போது நமக்குக் கொஞ்சம் கர்வம்கூட வரும்.

இரவு மேகம் மூடியிருந்தால் இந்தக் கதையே வேறு. பனி இறுகாது. முழங்கால்வரை புதைந்து, காலை உருவியெடுத்து, அடுத்த காலைப் புதைக்க வேண்டியதுதான். முள் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. வானிலை முன்னறிவிப்பில் பகல் வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இரவின் மேகமூட்டத்தையும் பார்த்தால் பாதி அவதி குறையும்.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். குளிர்காலத்தில் இதை அடிவாரத்தில் மாட்டினால் திரும்பி வந்து கழற்றலாம். வசந்தத்தில் அப்படி இல்லை. வெயில் படும் சரிவில் பனி கரைந்து கல்லும் மண்ணுமாகக் கிடக்கும். ஒரு வளைவு திரும்பினால் நிழல், கண்ணாடி போல் பனிக்கட்டி. அதைத் தாண்டினால் சேறு. பிறகு பாறை. பிறகு மறுபடி பனிக்கட்டி. ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுற்றிலும் காடு முழுவதும் பனி வடிந்து இலைச்சருகு தெரியும். நாம் நடக்கும் பாதை மட்டும் வெள்ளையாக, மேடாக நீண்டு கிடக்கும். குளிர்காலம் முழுவதும் நடந்தவர்களின் கால்கள் அந்தப் பனியை மிதித்து இறுக்கியிருப்பதால் அதுதான் கடைசியாகக் கரைகிறது. நடுவில் ஓரடி அகலத்துக்கு வழுவழுப்பான முதுகு. இரண்டு ஓரமும் உளுத்திருக்கும். ஓரத்தில் கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே போக வாய்ப்புண்டு. முட்கள் இல்லாமல் அந்த முதுகின் மேல் நடக்கவே முடியாது. வெறுங்காலணிக்காரர்கள் பாதையை விட்டிறங்கிப் பக்கத்து ஈரமண்ணில் நடந்து, இளஞ்செடிகளை மிதித்துத் துவைத்துப் புதிதாக ஒரு பாதை போட்டுவிடுவார்கள். அந்த வகையில் முள்சங்கிலி மலைக்கும் நல்லது செய்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மாட்டுவது இருக்கிறதே! முன்பக்கத்தைக் கால்விரல் மேல் பொருத்தி, பின்னால் குதிகாலில் இருக்கும் சிறு ரப்பர் நாக்கைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்திருக்கும். கையுறையோடு அந்த நாக்கு பிடிபடாது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப் போகும். உட்கார உலர்ந்த இடம் கிடையாது. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு இழுக்க வேண்டும், அதுவும் வழுக்கும் இடத்தின் விளிம்பில். இழுத்து முடித்துப் பார்த்தால் சங்கிலி ஓரிடத்தில் முறுக்கியிருக்கும். மறுபடி கழற்று. பூட்ஸின் அடியில் ஒட்டிய சேறு, சங்கிலியின் சேறு, எல்லாம் சேர்ந்து கை, கால்சட்டை, பை என்று எங்கும் அப்பிக்கொள்ளும். இந்த நாக்கை இரண்டு விரல் அகலத்துக்குச் செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? செய்தவர் வீட்டு மேசைமேல் பூட்ஸை வைத்து மாட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

சோம்பல்பட்டுக் கழற்றாமலே பாறைமேல் நடப்பவர்கள் உண்டு. எல்லோரும் ஒரு கட்டத்தில் அதைத்தான் செய்கிறார்கள். அதற்கும் கூலி உண்டு. வழுவழுப்பான பாறையில் எஃகு முள் பிடிக்காது, கீச்சென்று சறுக்கும். முனை மழுங்கும். முட்களுக்கு நடுவே கல் சிக்கி ஒரு பக்கமாக இழுக்கும்போது வளையம் ரப்பரை அறுக்கத் தொடங்கும். என்னுடையது கிழிந்த இடமும் அதுதான்: வார் தேய்ந்து போகவில்லை, வளையம் நுழையும் துளையின் ஓரம் மட்டும் மெல்ல மெல்லப் பிளந்து, ஒருநாள் முழுதாக விட்டுப்போனது. முனை மழுங்கினால் கை அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். மின்சாரச் சாணைக்கல்லில் வைத்தால் சூடேறி எஃகின் உறுதி போய்விடும், அவசரப்பட வேண்டாம்.

பதினோரு மணிக்கு மேல் அடுத்த தொல்லை. வெயிலில் பனி ஈரமாகி அடியில் ஒட்டத் தொடங்கும். சங்கிலிக்கு நடுவில் உருண்டு திரண்டு ஒரு கட்டியாகிவிடும். முட்கள் அதற்குள் புதைந்து காணாமல் போகும். பிடிப்புக்காக மாட்டியது வழுக்குவதற்கு வசதி செய்து கொடுக்கும். நாலடிக்கு ஒருமுறை ஊன்றுகோலால் பூட்ஸைத் தட்ட வேண்டும். ஒட்டாமல் தடுக்கும் தகடு வைத்த வகைகளும் இருக்கின்றன. என்னுடையதில் தகடு இல்லை.

நண்பர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் காலில் மாட்டியதும் வரும் தைரியம் சில இடங்களில் ஆகாது. ஓடையை மூடிய பனி வெளியே பார்க்க உறுதியாக இருக்கும். அடியில் ஓடும் நீர் அதைக் குடைந்திருக்கும். கறுத்த பாறையும் மரத்தின் தண்டும் வெப்பத்தை வாங்கிச் சுற்றியுள்ள பனியை உள்ளுக்குள் கரைத்து வைத்திருக்கும். அவற்றை ஒட்டி நடந்தால் கால் உள்ளே போகும், பாறையில் முழங்கால் இடிக்கும். காலையில் கணுக்கால் அளவில் தாண்டிய ஓடை, பகல் முழுதும் கரைந்த பனிநீர் வந்து சேர, மாலையில் கடக்க முடியாததாக இருக்கலாம். இதற்கெல்லாம் எந்த முள்ளும் உதவாது. சீக்கிரம் கிளம்பிச் சீக்கிரம் திரும்புவது ஒன்றே வழி.

சேற்றுக்கும் உதவாது. மேல்மண் இளகியிருக்கும், அடிமண் இன்னும் உறைந்திருக்கும், நீர் இறங்க வழியின்றிப் பாதையே கூழாகும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இதற்குச் சேற்றுப் பருவம் என்றே பெயர். பாதை உலரும்வரை, ஏறக்குறைய மே மாதக் கடைசிவரை, உயரமான தடங்களுக்கு வராதீர்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். சேறு வந்தால் ஓரம் ஒதுங்காமல் நடுவிலேயே நடக்க வேண்டும் என்பது எங்கும் பொருந்தும். முட்களோடு நடந்தால் பாதை உழுத வயலாகிவிடும் என்பதால் அங்கேயும் குனிந்து கழற்றியே ஆக வேண்டும். பார்த்தீர்களா, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன்.

இத்தனை காலத்தில் இது மாட்டியிருந்தபோது பனிக்கட்டியில் நான் விழுந்ததில்லை. எஃகில் துருவும் பெரிதாக ஏறவில்லை. ஈரத்தோடு பைக்குள் திணித்து மறந்துவிடாமல் உலர்த்தி வைத்தால் போதும். எடையும் தெரிவதில்லை. மற்றப் பொருள்களைப் பற்றி எழுதும்போது இவ்வளவு நல்லதைச் சொன்னால் "தாராளமாக வாங்கலாம்" என்றுதான் முடிப்பேன்.

இப்போது அப்படி முடிக்க மனம் வரவில்லை. நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். பயணத்தைச் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள். பனி முழுதாக இறங்கட்டும், மண் உலரட்டும், பூட்ஸோடு மட்டும் போய்வாருங்கள். இல்லை, அந்த வாரம்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அடியில் தகடு உள்ளதாகப் பாருங்கள். வளையம் நுழையும் துளைகளைச் சுற்றி ரப்பர் தடித்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். குதிகால் நாக்கை, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். என்னுடையதை இரவல் மட்டும் கேட்காதீர்கள், தர மாட்டேன்.